கோடிப் புடவையும் ஒன்பது தொப்பிகளும்

ரமணிக்கு வாங்கிய கோடிப் புடவை பதினோரு வருஷமாக விஜயனின் பீரோவில் கிடந்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பையைக்கூட அவன் மாற்றவில்லை. மனைவி மாதவி இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள், கோயிலுக்காவது கொடுத்துவிடலாமே என்று. "அதுல கை வெச்சே, இந்த வீடு ரெண்டாயிடும்" என்றான். மூன்றாம் தரம் அவள் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரவேண்டும். அண்ணனோ தம்பியோ புதுத்துணி கொண்டுவந்து அவள்மேல் போர்த்தின பிறகுதான் தூக்குவது. சோற்றுக்கு இல்லாதவன்கூட அதை விட்டது கிடையாது. ரமணிக்குக் கூடப்பிறந்தவன் விஜயன் ஒருத்தன்தான். அவள் செத்த அன்றைக்கு அவன் ஜொகூர் பாருவில் லோரியிலிருந்து டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தான். காலை ஏழரைக்குப் போன் வந்தது. பாதிச் சரக்கை அப்படியே விட்டுவிட்டு, ஒரு துணிக்கடை வாசலில் போய்க் கதவு திறக்கிறவரைக்கும் நின்றான். கடைக்காரர் இக்ராம் பாய் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்க வந்தவர் கேட்காமல் நிறுத்திக்கொண்டார்.

"அக்காவுக்கு. கோடி" என்றான்.

பாய் உள்ளே போனார். அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை எடுத்து, விளக்கில் விரித்துக் கிழிசல் இருக்கிறதா என்று தானே பார்த்து, மடித்துக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். செரம்பானுக்கு முன்னால் எண்ணெய் லோரி ஒன்று கவிழ்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் நகரவில்லை. ஷா ஆலம் வந்ததும் போன் போட்டு, "அரை மணி நேரம், வந்துட்டேன், வெச்சிருங்க" என்று கத்தினான். யாரோ "சரி சரி" என்றார்கள். மூன்றே முக்காலுக்குக் கிள்ளானில் அக்கா வீட்டு வாசலில் லோரியை நிறுத்தினான். இரண்டு பெண்கள் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவினால் தூக்கியாயிற்று என்று அர்த்தம். யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுடலைக்கு ஓடினான். அங்கே அடுப்புக் கதவும் சாத்தியாயிற்று. கையில் பையோடு நின்றவனை அக்கா புருஷன் தம்புசாமி வந்து பார்த்தார். பையைப் பார்த்தார். "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். தூக்குங்கள் என்று சொன்னது அவர்தான் என்று அன்றைக்கே நாலு பேர் விஜயன் காதில் போட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. அக்காவின் மகன் யுகேந்திரன் கல்யாணத்துக்கு அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து வைத்தபோதுகூட, "ஒங்கப்பன் இருக்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன், நீ நல்லா இரு" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

முதுகு போனதும் லோரியை விட்டுவிட்டுக் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு வேன் ஓட்டப் போனான் விஜயன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஐம்பத்து நாலு வயசில் வேறு யார் வேலை கொடுப்பார்கள். விடிவதற்கு முன்னால் நோயாளிகளை வீடு வீடாக ஏற்றிக் கொண்டுபோய் விடவேண்டும், பதினோரு மணிக்குத் திரும்ப ஏற்றி இறக்கவேண்டும். ஒரு திங்கட்கிழமை புதுப் பட்டியல் கொடுத்தார்கள். கடைசிப் பெயர் தம்புசாமி. பக்கத்தில், வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, சக்கர நாற்காலி, தூக்கி ஏற்றவேண்டும் என்று எழுதியிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், "இவரை வேற வேன்ல போடும்மா" என்றான்.

"வேற வேன் எங்கண்ணே இருக்கு? ஒரு வேன்தான்லா."

"அப்ப கிரேப் டாக்சியில வரச்சொல்லு."

"ஏன், ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாது" என்றான்.

விடிகாலையில் அந்த வீட்டு வாசலில் ஹாரன் அடித்தான். யுகேந்திரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். மாமனைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. தம்புசாமி பாதியாகியிருந்தார். துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டின உடம்பு. நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கம்பிச் சுருளைக் காலால் உருட்டுவார். ஒரு சத்தம் போட்டால் கப்பல்காரன் எட்டிப்பார்ப்பான். இப்போது சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடவேண்டியிருந்தது.

"விஜயா" என்றார்.

"கைய என் கழுத்துல போடுங்க அங்கிள்" என்றான் விஜயன்.

வேனில் ஏறுகிற எல்லா ஆம்பிளைகளும் அவனுக்கு அங்கிள்தான். மச்சான் என்று கூப்பிட்ட வாயால் அங்கிள் என்றபோது கிழவருக்கு எங்கே பட்டது என்று பார்த்தான். படவேண்டிய இடத்தில் பட்டது. கொஞ்சம் திருப்தியாக இருந்தது. ஆனால் தூக்கி உட்கார வைத்து பெல்ட் மாட்டி வண்டியை எடுத்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. கூடப்பிறந்தவளைத் தூக்கத் தோள் கொடுக்க விடாத மனுஷனை இனிமேல் வாரம் மூன்று நாள், போக வர, அவன் தூக்கவேண்டும். ஸ்டீயரிங்கை அப்படியே பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

இரண்டாவது வாரம் வேனுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தான். தம்புசாமி மடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். கையில் இரண்டு பின்னல் ஊசி. வெள்ளைப் பருத்தி நூலில் என்னவோ பின்னிக்கொண்டிருந்தார்.

அந்த டின்னை விஜயனுக்குத் தெரியும். அது ரமணியுடையது.

ரமணி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். அங்கே ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்துப் பின்னக் கற்றுக்கொண்டாள். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் ஒரு தொப்பி பின்னிக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்கெல்லாம் தம்புசாமி அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டேயிருப்பார். "ஊரே வேர்த்து ஒழுகுது, இவ தொப்பி போடுறா." அதற்கு அவள், "பொறந்த பிள்ளைக்கு எல்லா ஊரும் குளிர்தான். நீங்க பொறந்தப்ப யாரும் போடல, அதான் மண்டை இப்படிச் சூடாயிருக்கு" என்பாள்.

தொப்பி எல்லாம் வெள்ளை. விளிம்பில் மட்டும் விரற்கடை அகலத்துக்குக் கலர். அந்தக் கலரில்தான் எல்லாம் இருந்தது. விஜயனின் அப்பாவும் அவருடைய இரண்டு அண்ணன்களும் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் இருந்தவர்கள். லயம் இடிபட்டு ஆளுக்கு ஒரு பக்கம் போனபிறகு யார் யாருடைய பிள்ளை என்பது அடுத்த தலைமுறைக்கே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ரமணி ஒரு ஏற்பாடு பண்ணினாள். மூத்தவர் கன்னையா பெரியப்பா வழியில் பிறந்தால் பச்சை. நடுவில் உள்ள அர்ச்சுனன் பெரியப்பா வழிக்கு மஞ்சள். தங்கள் அப்பா வழிக்குச் சிவப்பு. கல்யாண வீட்டில் இரண்டு பெண்கள் அறிமுகம் இல்லாமல் நின்றால், "நீ பச்சையா, மஞ்சளா?" என்று கேட்டுக்கொள்கிற அளவுக்கு அது பழகிவிட்டது.

அவள் போனபிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பி இல்லை. தம்புசாமி விசாரித்துத் தெரிந்துகொண்ட வரைக்கும் ஒன்பது பேர். சிலதுக்குப் பத்து வயசு ஆகிவிட்டது. கால் போய் வீட்டோடு உட்கார்ந்த மனுஷன் ஒரு நாள் டின்னைத் திறந்திருக்கிறார். பாதியில் விட்ட தொப்பி ஊசியோடு இருந்திருக்கிறது. போனில் வீடியோ போட்டுப் பார்த்துப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டாராம். இதையெல்லாம் அவர் விஜயனிடம் சொல்லவில்லை. பின் சீட்டில் உட்கார்கிற புஷ்பவல்லி அக்காவிடம் சொன்னார். அந்தம்மாவுக்கு நாலு வருஷ டயாலிசிஸ். வாய்க்கு மட்டும் ஒரு வியாதியும் கிடையாது.

"தம்புசாமி அண்ணே, மொதத் தொப்பி எப்படி வந்திச்சு?"

"தேங்காய்க்குப் போடலாம்."

"பத்து வயசுப் பையனுக்கு இத்தனூண்டு தொப்பி எதுக்கு? மூக்குல மாட்டிக்கவா?"

"போட்டுக்க இல்லம்மா. அவன் பொறந்தப்ப குடுத்திருக்க வேண்டியது. அந்த அளவுலதான் பின்னணும்."

"அப்ப எனக்கும் ஒன்னு பின்னுங்க. நானும் பொறந்தவதானே."

புஷ்பவல்லி சிரித்தாள். தம்புசாமியும் சிரித்தார். விஜயன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். உயிரோடு இருந்தபோது அவள் பின்னலைப் பார்த்துச் சிரித்தவன், அவள் சொந்தக்காரர்களில் ஒருத்தனுக்குப் பெயர் தெரியாதவன், எந்த விசேஷத்துக்குப் போனாலும் வெளியே நாற்காலியைப் போட்டு பீர் குடித்துவிட்டு வந்தவன், இப்போது அவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நல்லவன் வேஷம் போடுகிறான். டிக் டிக் என்று ஒவ்வொரு பின்னலும் விஜயன் பிடரியில் விழுந்தது.

தம்புசாமிக்கு ஒரு சிக்கல் இருந்தது. டின்னில் இருந்த ரமணியின் நோட்டில் பெயர்களும் ஊர்களும்தான் இருந்தன. எந்தக் கலர் என்று அவள் எழுதவில்லை. அவளுக்குத் தெரியும், எதற்கு எழுதவேண்டும்? பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; மிச்சமிருந்தவர்களிடம் போய் நீங்கள் எந்த வழி என்று கேட்க அவருக்கு வெட்கம். யார் எந்த வழி என்று முழுசாகத் தெரிந்தவன் இப்போது விஜயன் ஒருத்தன்தான்.

"விஜயா, ஜெஞ்சாரோம்ல இருக்கிற இராஜம்மா யாரு வழி?"

விஜயன் கியரை மாற்றினான்.

"பேத்திக்குப் பிள்ளை பொறந்து மூனு மாசமாச்சாம். எந்தக் கலருன்னு சொன்னா முடிச்சிடுவேன்."

"ரோட்டைப் பாத்து ஓட்டணும் அங்கிள். பேசக் கூடாதுன்னு ரூல்."

இப்படி இரண்டு மாசம். தம்புசாமி கேட்பதை நிறுத்தவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் விஜயனுக்குத் தாங்கவில்லை. பழைய தம்புசாமியாக இருந்தால் ஒரு கெட்ட வார்த்தை வந்திருக்கும், பதிலுக்கு இவனும் நாலு சொல்லியிருப்பான். ஒரு புதன்கிழமை புஷ்பவல்லி பின்னாலிருந்து, "சொல்லேன் தம்பி, ஒரு கலர் சொல்ல ஒனக்கு என்ன நோவு?" என்றாள்.

"மஞ்சள்" என்றான் விஜயன். "இராஜம்மா அர்ச்சுனன் பெரியப்பா மக. மஞ்சள் போடுங்க."

தும்மல் வருகிற மாதிரி அது வந்துவிட்டது. பொய். இராஜம்மா கன்னையா பெரியப்பாவின் மகள். பச்சை. தப்புக் கலர் போடுவது மட்டும் என்றால் பரவாயில்லை. கன்னையா பெரியப்பா ஒரு தரம் பெண்டாட்டியோடு கப்பலேறி ஊருக்குப் போயிருந்தார். மூன்று மாசம் கழித்துத் திரும்பி வந்தால் அவருடைய லயத்து வீட்டில் தம்பி அர்ச்சுனன் குடியிருந்தார். காலி பண்ணமாட்டேன் என்றுவிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு வந்த பெரியம்மா கோயில் மண்டபத்தில் படுத்தாள். இராஜம்மா பிறந்தது அந்த மண்டபத்துத் தரையில். அன்றையிலிருந்து பச்சைக்காரர்கள் வீட்டில் மஞ்சள்காரர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தது கிடையாது. அந்த இராஜம்மாவின் கையில் கொண்டுபோய் மஞ்சளைக் கொடுப்பது என்றால் அது செருப்பைக் கழற்றிக் கொடுப்பதற்குச் சமம். விஜயனுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோமுக்குக் கொண்டுபோய் விடமுடியுமா என்று தம்புசாமி கேட்டபோது உடனே சரி என்றான். கிழவர் அதைக்கூட வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இராஜம்மா வீட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எழுபது தாண்டினவள், பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விஜயனைப் பார்த்ததும், "வாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்றாள். தம்புசாமியைப் பார்த்து வாங்க என்று மட்டும் சொன்னாள். பேத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தம்புசாமி டின்னைத் திறந்து, தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். விஜயன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நின்றான். இதற்காகத்தான் வந்தது.

இராஜம்மா தொப்பியை வாங்கவில்லை.

"இது என்ன கலரு?"

"மஞ்சள்க்கா. ஒங்க வழிக்கு."

"எங்க வழி மஞ்சள்னு யாரு சொன்னா?"

உள்ளே சட்டியில் என்னவோ பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மண்டபத்துத் தரையில பெத்துப் போட்டா எங்கம்மா. குளிப்பாட்டச் சுடுதண்ணி கெடையாது. அந்த ஆளு அன்னைக்கு எங்க வீட்டு அடுப்புல சோறாக்கித் தின்னுக்கிட்டிருந்தான். அவன் பேரப்பிள்ளைன்னு என் கொள்ளுப்பேத்தி தலையில மாட்ட வந்திருக்கியா? யாரு சொன்னா ஒனக்கு, சொல்லு."

தம்புசாமி தலையைத் திருப்பி விஜயனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. வரட்டும், சொல்லட்டும் என்று விஜயன் நின்றான். பதினோரு வருஷத்துக்கான பதில் வாயில் தயாராக இருந்தது.

"யாரும் சொல்லலக்கா" என்றார் தம்புசாமி. "நானாத்தான் போட்டேன். சர்க்கரையில கண்ணு மங்கிப்போச்சு. நூலை மாத்தி எடுத்திட்டேன்."

"கண்ணு தெரியாதவனுக்கு ஊசி எதுக்கு?"

"அதுவும் சரிதான்."

"ஒனக்கு எப்பவும் அவசரம்" என்றாள் இராஜம்மா. குரல் உயரவில்லை. "ரமணியை எடுக்கிறப்பவும் அவசரம். பொறந்தவன் வந்துக்கிட்டிருக்கான், அரை மணி நேரம் பொறுங்கப்பான்னு நான் சொன்னேன். நீ கேட்டியா? எங்க வீட்டுப் பிள்ளையைக் கோடி இல்லாம அனுப்பிட்டு இன்னைக்குத் தொப்பியோட வந்து நிக்கிற."

இதைக் கேட்கத்தான் விஜயன் பதினோரு வருஷம் காத்திருந்தான். யாராவது ஒருத்தர் அந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்கவேண்டும் என்று. கேட்டாயிற்று. ஆனால் வாயில் இனிப்பு இல்லை. கசந்தது.

தம்புசாமி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரம் குடுங்கக்கா. ஓரத்தைப் பிரிச்சிட்டு இங்கயே பச்சை பின்னித் தந்திர்றேன்."

யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி முடிச்சு முடிச்சாக வீங்கின இடது கை. அதை மடியில் அண்டக் கொடுத்துக்கொண்டு மஞ்சள் நூலைப் பிரித்தார். விஜயனுக்குத் தேத்தண்ணி வந்தது. அவருக்கு வரவில்லை. "எனக்குத் தண்ணி அளவு, நல்லதாப் போச்சு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். இரண்டரை மணி நேரம் ஆனது. முடித்துக் கொடுத்தபோது இராஜம்மா விளிம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை தலையில் தானே மாட்டினாள்.

திரும்பி வரும்போது எண்ணெய்ப் பனைக்கு நடுவே போகிற ரோட்டில் விஜயன் வேனைச் சரக்கென்று ஓரம் கட்டினான்.

"ஏன் காட்டிக் குடுக்கல?"

"குடுத்தா ஒன்னை ஏசியிருப்பாங்க. ஏச்சு எனக்கு வரவேண்டியதுதானே."

"பெரிய மனுசன் வேசம் போடாத. எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது." அங்கிள் எங்கேயோ போய்விட்டது. "அரை மணி நேரம். அரை மணி நேரம் ஒன்னால பொறுக்க முடியல. கோடியக் கையில வெச்சிக்கிட்டு நாயி மாதிரி ஓடி வர்றேன். ஏன்யா தூக்கச் சொன்ன? சுடலைக்கு நேரமாச்சின்னு சொல்லாத. சொன்ன, இங்கயே எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

தம்புசாமி டின்னின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சுடலையில ஒன்னும் பிரச்சினையில்ல. இன்னும் ஒரு மணி நேரம் தர்றோம்னுதான் சொன்னாங்க."

விஜயன் திரும்பிப் பார்த்தான்.

"கிரேன்ல பெட்டி தூக்கினா மேலயே தொங்க விடக் கூடாது. எறக்கிடணும். இல்லைன்னா கை நடுங்க ஆரம்பிச்சிரும். அவ அங்க படுத்திருக்கா. வந்தவனெல்லாம் அவளைப் பாக்கிறான், அப்புறம் என்னைப் பாக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் போனா நான் எல்லார் முன்னாடியும் அழுதிருவேன்னு தெரிஞ்சது. துறைமுகத்துப் பசங்க எல்லாம் நிக்கிறானுங்க. என்கிட்ட ஏச்சு வாங்கினவனுங்க." அவர் மூடியைத் தட்டுவதை நிறுத்தினார். "நீ வர்றேன்னு தெரியும். தெரிஞ்சேதான் தூக்குன்னேன். வேற ஒன்னும் இல்ல."

"இதைச் சொல்றதுக்குப் பதினோரு வருசமா?"

"நீ கேக்கலையே."

விஜயன் ஸ்டீயரிங்கைக் குத்தினான். ஹாரன் அலறி, பனை மரத்திலிருந்து பறவைகள் எழும்பிப் போயின. அழுதுவிடுவோம் என்று பயந்துகொண்டு. அதற்காக. அவன் மனசில் பதினோரு வருஷமாக எத்தனையோ காரணம் வைத்திருந்தான். சொத்தில்லாத மச்சான் என்கிற இளக்காரம், லோரிக்காரன் என்கிற இளக்காரம், பழைய சண்டை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். இதற்கு வைத்திருக்கவில்லை. அது இன்னும் கோபமாக வந்தது.

வேனை எடுத்தான். பந்திங் ரோட்டில் வந்து ஏறினான்.

"அடுத்தது யாரு?" என்றான் விஜயன், முன்னால் பார்த்துக்கொண்டே.

"டெங்கில்ல இருக்கிற குரு. அவனுக்கு ரெண்டு."

"பச்சை. கன்னையா பெரியப்பா பேரன்."

"இந்தத் தரம் நெசமா?"

"நெசந்தான். வாய மூடிக்கிட்டு வா."

அதற்கப்புறம் நாலு மாசம் வேனில் அதே சத்தம். தம்புசாமி பெயரைப் படிப்பார், விஜயன் கலரைச் சொல்லுவான். கலரோடு நிறுத்தவும் முடியவில்லை. யார் யாரைக் கட்டினார்கள், எந்த லயத்துக் கடைசி வீட்டில் யார் இருந்தார்கள், எவன் குடித்துவிட்டு ரயில் பாதையில் படுத்தான் எல்லாம் வந்தது. சொல்லும்போது ஏசிக்கொண்டேதான் சொன்னான். "நாப்பது வருசம் குடித்தனம் பண்ணியிருக்க, பெண்டாட்டியோட பெரியப்பன் பேரு தெரியல. வெக்கமா இல்ல?" தம்புசாமி நோட்டில் எழுதிக்கொண்டே, "இருக்கு. அப்புறம் யாரு?" என்பார். புஷ்பவல்லி, "ரெண்டு பேரும் சண்டை போடுறத விட்டா எனக்கு மெசின்ல தூக்கம் வராது" என்பாள். ஞாயிறு ஞாயிறாகப் போய் எட்டுத் தொப்பி கொடுத்தாயிற்று. சில வீட்டில் சாப்பாடு போட்டார்கள். ஒரு வீட்டில் வாசலோடு வாங்கிக்கொண்டார்கள்.

எட்டாவதுக்கு அடுத்த வாரம் மிச்சமிருந்த காலில் புண் வந்து விஷம் ஏறி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விஜயன் போகக் கூடாது என்றுதான் இருந்தான். மூன்றாம் நாள் போனான். தலைமாட்டில் டின் இருந்தது. தம்புசாமி அதைக் காட்டினார். உள்ளே ஒன்பதாவது தொப்பி. விளிம்பு சிவப்பு. விஜயன் அப்பா வழிக்குச் சிவப்பு. யுகேந்திரனுக்கு இன்னும் பிள்ளை இல்லை; அந்த வழியில் அவள் போனபிறகு பிறந்த பிள்ளை, விஜயன் மகள் பெற்ற பையன் ஒருத்தன்தான். இரண்டு வயசு. தம்புசாமி அவனைப் பார்த்ததேயில்லை.

"நோட்டுல பேரு எழுதாம எடம் விட்டிருக்கேன்" என்றார்.

விஜயன் நோட்டை எடுத்துக் கோணல் மாணலான எழுத்தில் தானே எழுதினான். ரமணன். அக்கா பெயரை ஆம்பிளைப் பிள்ளைக்கு மாற்றி வைத்தது. தம்புசாமி அதை ரொம்ப நேரம் பார்த்தார். கண் தெரியவில்லை என்று இராஜம்மாவிடம் சொன்னது முழுப் பொய் இல்லை போல.

"அந்தப் புடவை வெச்சிருக்கியா?"

"எந்தப் புடவை?"

"சிவப்பு. அன்னைக்குப் பையில பாத்தேன்."

"இருக்கு."

"நான் போனா கோடிக்குன்னு வேட்டி வாங்காத. அதையே கொண்டாந்து என்மேல போடு. அவகிட்டக் குடுத்திர்றேன்."

"ஆம்பிளைப் பொணத்துமேல பொடவை போட்டா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒனக்கு என்ன?"

"ஒன் வேலையை ஒனக்காக நான் செய்யணும். செத்தும் என்னை டிரைவராத்தான் வெச்சிருப்ப" என்றான் விஜயன். மச்சான் என்று கூடவே வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யுகேந்திரன் போன் பண்ணினான். "மாமா, அப்பா போயிட்டாரு. நீங்க வந்து கோடி போடாம யாரும் கை வெக்கக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்காரு. ரெண்டு மணிக்கு எடுக்கணும். சீக்கிரம் வந்துருங்க மாமா."

விஜயன் பீரோவைத் திறந்து பையை எடுத்தான். மாதவி வேன் சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை மணிக்கெல்லாம் அந்தச் சந்து முனைக்கு வந்துவிட்டான். அங்கிருந்து பார்த்தால் பந்தல் தெரிந்தது, வெளியே நிற்கிற சனமும் தெரிந்தது. வேனை நிறுத்தினான். முனைக்கடையில் போய் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி சொன்னான். பை மடியில் இருந்தது.

இரண்டு மணி ஆனது. போன் அடித்தது, அடித்து நின்றது. இரண்டே காலுக்கு மறுபடியும் அடித்தது. பந்தலிலிருந்து ஒருத்தன் ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான். விஜயன் இன்னொரு தேத்தண்ணி சொன்னான். கிளாஸைப் பிடித்த கை ஆடிற்று. கோபத்தில் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான்.

வார்டில் புடவை கேட்ட அன்றைக்கு, அவன் கிளம்பி வாசல் வரைக்கும் போனபிறகு தம்புசாமி கூப்பிட்டார். பழைய துறைமுகத்துக் குரலில், பக்கத்துக் கட்டில்காரன் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"விஜயா, நான் போற அன்னைக்கு ஓடி வராத. முனையில ஒக்காந்து தேத்தண்ணி குடி. எத்தனை போன் வந்தாலும் எடுக்காத. எல்லாரும் அரை மணி நேரம் நிக்கட்டும், நானும் படுத்துக் கெடக்கிறேன். நீ மெதுவா வா."